ஸ்டாக் திருகை எவ்வளவு இறுக்குவது? .22 ரைஃபிள்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ரைஃபிள் கிளப்பில் .22 (0.22 அங்குலக் குழல் ரைஃபிள்) சுடுகிறவர்களிடையே மூன்று பேச்சுகள் ஓய்வதே இல்லை: தோட்டாவின் விலை, காற்று, ஸ்டாக் திருகு. முதல் இரண்டுக்கும் என்னிடம் மருந்து கிடையாது. மூன்றாவதைப் பற்றி வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இங்கே தொகுத்திருக்கிறேன். சொற்கள் குழப்பாமல் இருக்க ஒரு விளக்கம்: ஸ்டாக் என்பது தோளில் பதியும் கட்டை, ஆக்‌ஷன் என்பது போல்ட் (தோட்டாவைப் பேரலுக்குள், அதாவது குழலுக்குள், தள்ளி அடைக்கும் உருளை) ஓடும் எஃகு உடல், பெட்டிங் என்பது அந்த உடல் கட்டையில் உட்காரும் பள்ளம்.

ஸ்டாக் திருகு என்று எதைச் சொல்கிறீர்கள்? ரைஃபிளில் எத்தனையோ திருகுகள் இருக்கின்றனவே?

ரைஃபிளைக் கவிழ்த்துப் பாருங்கள். டிரிகர் கார்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெரும்பாலான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் இரண்டு திருகுகள் இருக்கும். கட்டையை ஊடுருவி மேலே போய் ஆக்‌ஷனின் அடியில் உள்ள மரையில் பிடிப்பவை இவைதான். சிலவற்றில் நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. ரூகர் 10/22 போன்ற செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரே திருகும், முன்னால் பேரலைச் சுற்றி ஒரு பட்டையும்தான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் மேகசினை எடுங்கள், போல்ட்டைக் கழற்றுங்கள், தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். இதை மறுபடி சொல்லமாட்டேன். கீழே உள்ள ஒவ்வொரு பதிலுக்கும் இது பொருந்தும்.

ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்ததற்காகவா குறி தவறும்? நம்பும்படியாக இல்லையே.

கணக்கைப் பார்த்தால் நம்புவீர்கள். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தசமப் புள்ளி முறையில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் உரிய தூரம் 0.8 மி.மீ. மட்டுமே. பேரலின் நீளம் 66 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி 0.013 மி.மீ. விலகினாலே இலக்கில் 1 மி.மீ. விலகல். தலைமுடியின் பருமனில் ஐந்தில் ஒரு பங்குகூட அது தேறாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடத்தோடு திரும்பினார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 1.9 புள்ளிதான். அந்த மட்டத்தில் விளையாடுகிறவர்கள் திருகைப் பற்றிக் கவலைப்படுவதில் வியப்பில்லை.

இன்னொரு காரணம், .22 தோட்டா மெதுவானது. போட்டித் தோட்டா பேரலை விட்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு 320–330 மீட்டர்தான். அது பேரலுக்குள் ஓடும் நேரம் இரண்டு மில்லி விநாடிக்கும் அதிகம். அதற்குள் ரைஃபிள் பின்னோக்கி உதைக்கத் தொடங்கிவிடுகிறது, பேரலும் அதிர்கிறது. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் பாதகமில்லை. ஆக்‌ஷன் கட்டைக்குள் இடம் மாறி மாறி உட்கார்ந்தால், அசைவும் மாறி மாறித்தான் இருக்கும்.

ஆனால் சைட் (குறிபார்க்கும் கருவி) ஆக்‌ஷன் மேல்தானே இருக்கிறது? ஆக்‌ஷன் நகர்ந்தால் சைட்டும் கூடவே நகரும். பிறகு எப்படிக் குறி மாறும்?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆக்‌ஷன் வளையாமல், முறுக்காமல், முழுதாகக் கட்டையில் இடம் மாறினால் சைட்டுக்கும் பேரலுக்கும் உள்ள உறவு கெடாது என்பது உண்மைதான். கெடுப்பவை வேறு இரண்டு. பெட்டிங் மட்டமாக இல்லாதபோது திருகின் இழுப்பு ஆக்‌ஷனையே லேசாக வளைக்கிறது. பின் சைட் ஆக்‌ஷனிலும் முன் சைட் பேரல் நுனியிலும் இருப்பதால், வளைவு நேராகக் குறியில் தெரியும். அடுத்தது, மேலே சொன்ன உதைப்பு. தோட்டா வெளியேறும் முன் ரைஃபிள் எந்தப் புள்ளியை ஆதாரமாக வைத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது, ஆக்‌ஷன் கட்டையில் எங்கெங்கே தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அசையாத சைட்டால் அதைத் தடுக்க முடியாது.

அப்படியானால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டால் போயிற்று, இல்லையா?

வேண்டவே வேண்டாம். 6 மி.மீ. திருகு ஒன்றை 5 நியூட்டன் மீட்டருக்கு (திருப்பும் விசையின் அலகு) இறுக்கினால் அது ஆக்‌ஷனைக் கட்டையோடு ஏறத்தாழ 400 கிலோ எடையின் அளவு விசையில் அழுத்துகிறது. ஆலன் கீயின் நீண்ட கையைப் பிடித்து மூச்சை அடக்கித் திருகுகிறவர் இதைப் போல இரண்டு மடங்கைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார். மரம் நசுங்கும், ஆக்‌ஷன் வளையும், அளவு மிஞ்சினால் ஆக்‌ஷனின் மரையே உரிந்துவிடும். மரம் நசுங்கினால் சரிசெய்யலாம். மரை போனால் செலவு வேறு கணக்கு.

இறுக்கிய பிறகு போல்ட் முன்பைவிடக் கனமாக ஓடினாலோ, மேகசின் சிக்கினாலோ ஆக்‌ஷன் வளைகிறது என்று பொருள். மூன்று திருகு உள்ள ரைஃபிள்களில் இந்தத் தொல்லைக்கு நடுத்திருகுதான் பெரும்பாலும் காரணம். அதன் வேலை டிரிகர் கார்டைப் பிடித்துக்கொள்வது. கையால் திருகி, தொட்டவுடன் சற்றே அழுத்தினால் போதும்.

சார், விளக்கமெல்லாம் சரி. சரியான எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

ரைஃபிளோடு வந்த கையேட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் எண். அதை மீறுவதற்கு யாருடைய அனுபவமும் காரணமாகாது, என்னுடையதும் சேர்த்து. கையேடு தொலைந்துபோனவர்களுக்கு ஒரு திசைகாட்டி: மரக் கட்டை போட்ட ஆன்ஷூட்ஸ் போட்டி ரைஃபிள்களுக்கு 5 நியூட்டன் மீட்டர் என்பது சுடுபவர்களிடையே நிலைத்துவிட்ட வழக்கம். திருகுத் துளைக்குள் உலோகக் குழாய் எதுவும் இல்லாத, மெல்லிய மரக் கட்டை போட்ட எளிய ரைஃபிளுக்கு 2 முதல் 3 வரை போதும்.

அமெரிக்கர்கள் எழுதும் எண்களைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். அவர்கள் இஞ்ச் பவுண்டில் சொல்வார்கள், 8.85 இஞ்ச் பவுண்டு ஒரு நியூட்டன் மீட்டர். 44 இஞ்ச் பவுண்டு என்பது 5 நியூட்டன் மீட்டர். அதையே ஃபுட் பவுண்டு என்று தவறாகப் படித்தால் ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர் ஆகிவிடும். அந்த அளவை எட்டும் முன்பே திருகு கையோடு வந்துவிடும்.

டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் திருகுக் கருவி) வாங்கத்தான் வேண்டுமா? கை அனுபவம் போதாதா?

கை அனுபவம் காலையில் ஒன்று சொல்லும், சாப்பிட்ட பிறகு வேறொன்று சொல்லும். வாங்குங்கள். ஆனால் கார் ஒர்க்‌ஷாப்பில் உள்ள பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது. சக்கர நட்டுகளுக்கான அந்த ரெஞ்சின் அளவுகோல் தொடங்கும் இடத்திலேயே உங்கள் திருகு பாழாகிவிடும். விலையுயர்ந்த சைக்கிள்களைப் பழுதுபார்ப்பவர்கள் சின்ன ரெஞ்ச் வைத்திருப்பார்கள். 2 நியூட்டன் மீட்டரிலிருந்து தொடங்கும் அந்த வகை போதும்.

ரெஞ்ச் இருந்தாலும் மரையைச் சுத்தமாகவும் எப்போதும் ஒரே நிலையிலும் வைத்திருங்கள். காய்ந்த மரையில் 5 என்று வைத்த அதே திருகுக்கு எண்ணெய் இட்டு 5 வைத்தால், உராய்வு குறைவதால் அழுத்தும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடக்கூடும். ரெஞ்ச் காட்டுவது திருப்பும் விசையை மட்டுமே. எண்ணெய் இடுவதாக இருந்தால் எப்போதும் இடுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் வேண்டாம்.

எந்தத் திருகை முதலில் இறுக்க வேண்டும்?

ரைஃபிளைக் கட்டையின் தோளில் பதியும் முனை தரையில் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். ஆக்‌ஷன் தன் எடையால் பின்பக்கமாக, அதாவது உதைக்கும் திசையில், ஒட்டி உட்காரும். இரண்டு திருகையும் விரலால் தொடும் வரை ஏற்றுங்கள். பிறகு முன் திருகில் பாதி அளவு, பின் திருகில் பாதி அளவு. அதன்பின் முன் திருகை முழு அளவுக்கும் பின் திருகை முழு அளவுக்கும். இந்த வரிசையில் மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையாக இருந்தால் சரி.

வாராவாரம் ரைஃபிளைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். நல்ல பழக்கம்தானே?

பேரலைச் சுத்தம் செய்வது நல்ல பழக்கம். கட்டையிலிருந்து கழற்றுவது இல்லை. போல்ட்டை எடுத்துவிட்டால் பின்புறத்திலிருந்தே பேரலைத் துடைக்கலாம். ஸ்டாக் திருகைத் தொடவே தேவையில்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மரம் கொஞ்சம் தேய்கிறது, ஆக்‌ஷன் புதிதாக இடம் தேடுகிறது. ரைஃபிள் மழையில் நனைந்தால் மட்டும் கட்டாயம் கழற்றித் துடைத்து உலர்த்துங்கள்.

அண்ணா, 3-லிருந்து 6 வரை அரை அரையாக ஏற்றிச் சுட்டுப் பார்த்தேன். 4.5-இல் ஐந்து தோட்டாவும் ஒரே ஓட்டை! அதுதானே என் எண்?

தம்பி, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள், அழகாக இருக்கும். ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை.

ஐந்து தோட்டாக் குரூப்பின் (இலக்கில் விழுந்த ஐந்து ஓட்டைகளின் கூட்டத்தின்) அளவு இயல்பாகவே தாறுமாறாக ஏறி இறங்கும். எதையும் மாற்றாமல் தொடர்ந்து சுட்டாலே, குரூப் அளவின் திட்ட விலக்கம் சராசரியில் சுமார் 27 சதவீதம் இருக்கும். சராசரியாக 15 மி.மீ. குரூப் போடும் ரைஃபிள், திருகைத் தொடாமலேயே ஒரு முறை 11 காட்டும், அடுத்த முறை 19 காட்டும். நீ ஏழு அமைப்புகளில் ஒவ்வொரு குரூப் சுட்டிருக்கிறாய். ஏழு குரூப்பில் ஏதோ ஒன்று மிகச் சிறியதாக இருந்தே தீரும். அது 4.5-இல் விழுந்தது தற்செயலாக இருக்கலாம். நாளைக்கு அதே ஏழையும் மறுபடி சுட்டால் வேறோர் எண் ஜெயிக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு அமைப்புகளுக்கு இடையே 10 சதவீத வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது என்று நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வோர் அமைப்பிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஐந்து தோட்டாக் குரூப்கள் வேண்டும். அமைப்புக்கு 250 தோட்டாக்களுக்கு மேல். ஏழு அமைப்புகளுக்கு என்ன செலவாகும் என்று இறக்குமதித் தோட்டாவின் விலையை வைத்து நீயே பெருக்கிக்கொள். “என் ரைஃபிளுக்கு 4.5 தான் பிடிக்கும், 4.25 கொடுத்தால் கோபித்துக்கொள்ளும்” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாதவர்கள் என்பது என் கருத்து.

அப்போது சோதித்தே பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம், பெரிய வித்தியாசத்தை மட்டும் தேடுங்கள். கையேட்டின் அளவு ஒன்று, அதற்குக் கீழே 1 நியூட்டன் மீட்டர், இன்னும் 1 கீழே என்று மூன்று அமைப்புகள் போதும். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) தோட்டா, காற்றில்லாத காலை நேரம், உறுதியான தாங்கி. ஓர் அமைப்பை முழுதாகச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றி வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் களைப்பும் பேரலின் அழுக்கும் கடைசி அமைப்பின் தலையில் விழும். திருகை மாற்றிய ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷன் அமர்வதற்காகச் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காமல் சுடுங்கள்.

குரூப்பின் வெளி அளவை மட்டும் பார்க்காமல், எல்லா ஓட்டைகளும் மையத்திலிருந்து சராசரியாக எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று பாருங்கள். அதே தோட்டாச் செலவில் அது கூடுதலாகச் சொல்லும். வடிவத்தையும் பாருங்கள். தோட்டாக்கள் தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் ஆக்‌ஷன் இரண்டு இடங்களுக்கு இடையே தாவுகிறது என்று சந்தேகப்படலாம். மூன்று அமைப்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள். உங்கள் பெட்டிங் நன்றாக இருக்கிறது. கையேட்டின் எண்ணை வைத்துவிட்டு, மீதித் தோட்டாக்களைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருந்தால் நீங்கள் தேட வேண்டியது நான்காவது எண்ணை அல்ல, பெட்டிங்கில் உள்ள கோளாறை.

பெட்டிங்கில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேத் பட்டறையில் பயன்படும் டயல் கேஜ் ஒன்றும் காந்த அடித்தளமும் கிடைத்தால் சோதனை சுலபம். இரண்டு திருகையும் முழு அளவுக்கு இறுக்குங்கள். கட்டையின் முன் நுனிக்கும் பேரலுக்கும் இடையே உள்ள அசைவைக் கேஜ் காட்டும்படி பொருத்துங்கள். இப்போது முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள், ஊசியைப் பாருங்கள். மறுபடி இறுக்கிவிட்டுப் பின் திருகைத் தளர்த்துங்கள். ஊசி 0.05 மி.மீ.க்குள் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அதைத் தாண்டி ஓடினால், இறுக்கிய நிலையில் ஆக்‌ஷன் வளைந்திருந்தது, தளர்த்தியதும் நிமிர்ந்தது என்று பொருள். ஒரு கால் குட்டையான நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் இது.

கேஜ் இல்லாதவர்கள் தடித்த காகிதம் ஒன்றைப் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்க்கலாம். பேரல் எதையும் தொடாமல் மிதக்கும்படி செய்யப்பட்ட ரைஃபிளில் காகிதம் எங்கேயும் சிக்கக் கூடாது. இது பாதிச் சோதனைதான்; பேரல் உரசுகிறதா என்று மட்டும் சொல்லும், ஆக்‌ஷன் வளைகிறதா என்று சொல்லாது.

கோளாறு இருக்கிறது. எபாக்ஸி வாங்கி நானே ஊற்றிவிடலாமா?

திருகுத் துளைக்குள் அலுமினியக் குழாய் பதித்து, ஆக்‌ஷனின் அடிவடிவம் அப்படியே பதியும்படி எபாக்ஸி ஊற்றுவது நிரந்தரத் தீர்வு. திருகின் அழுத்தத்தை அதன்பின் மரம் தாங்காது, குழாய் தாங்கும். ஆனால் ஒட்டவிடாமல் தடுக்கும் பிரிப்பானைச் சரியாகப் பூசாமல் ஊற்றினால் ஆக்‌ஷனும் கட்டையும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டுவிடும், அதற்கப்புறம் சுத்தியல்தான். அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: துப்பாக்கியைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தெரு முனைத் தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் ரைஃபிளை விட்டுவிட்டு வராதீர்கள்.

சென்னை மழைக்காலத்தில் மட்டும் என் ரைஃபிள் வேறு ரைஃபிளாகிவிடுகிறது. பிரமையா?

பிரமை இல்லை. வால்நட் கட்டையானாலும் பீச் கட்டையானாலும் ஈரத்தை உறிஞ்சினால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் இது மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். உங்கள் திருகு கட்டையைக் கடப்பதும் குறுக்குவாக்கில்தான். அக்டோபரில் ஊதும் மரம் தானாகவே திருகின் இழுப்பைக் கூட்டும், ஏ.சி. அறையிலோ கோடையிலோ சுருங்கினால் இழுப்பு குறையும். அலுமினியக் குழாய் பதித்த கட்டையில் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பருவம் மாறும்போதும் முக்கியப் போட்டிக்கு முன்பும் ரெஞ்சால் சரிபாருங்கள். போட்டியன்று காலையில் வேண்டாம்; இரண்டு மூன்று பயிற்சிகள் மிச்சமிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

அலுமினியம் ஸ்டாக்கில் இந்தத் தலைவலியே கிடையாதுதானே?

மரம் நசுங்கும், ஊதும் தலைவலிகள் கிடையாது. ஆக்‌ஷன் மட்டமாக உட்காராவிட்டால் அலுமினியத்திலும் வளையும்தான். கட்டை நசுங்காது என்ற தைரியத்தில் அதிகமாக இறுக்குகிறவர்கள், திருகு பிடிக்கும் மரை பழையபடி ஆக்‌ஷனில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தோட்டா கம்பெனியின் சோதனைக் கூடத்தில் ஸ்டாக்கையே கழற்றிவிட்டுச் சுடுகிறார்களாமே? அப்படியானால் ஸ்டாக் முக்கியமில்லை என்றுதானே அர்த்தம்?

ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்களின் கூடங்களில் ஆக்‌ஷனை இரும்புப் பிடியில் பூட்டி, எந்த லாட் அந்தப் பேரலுக்கு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். அங்கே தேடுவது தோட்டாவுக்கும் பேரலுக்கும் உள்ள பொருத்தத்தை. கட்டையையும் திருகையும் ஆளையும் வேண்டுமென்றே விலக்கி வைக்கிறார்கள். அங்கே கிடைத்த குரூப் வீட்டுக்கு வந்ததும் விரிந்தால், விலக்கி வைத்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் காரணம். பெரும்பாலும் அது மூன்றாவது.

இறுக்கினேன், ரெஞ்ச் கிளிக் என்றது. ஆனாலும் ஆக்‌ஷன் லேசாக ஆடுகிறது. எப்படி?

திருகு நீளமாக இருக்கிறது. ஆக்‌ஷனில் உள்ள துளையின் அடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. ரெஞ்ச் அந்த முட்டலைத்தான் இறுக்கம் என்று எண்ணிக் கிளிக் சொல்கிறது. கட்டையை மாற்றியவர்களுக்கும், வேறு ரைஃபிளின் திருகைப் போட்டவர்களுக்கும் இது நேரும். துளை முழுதாகத் திறந்த ரைஃபிளில் நீளத் திருகு போல்ட்டையே உரசக்கூடும். சரியான நீளத் திருகை வாங்குங்கள். வாஷர் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

திருகு தளராமல் இருக்க லாக்டைட் (மரையில் பூசும் பசை) போடலாமா?

வேண்டாம். அது உராய்வை மாற்றி ரெஞ்சின் கணக்கைக் குழப்பும். கெட்டியான வகையைப் போட்டால் சூடாக்காமல் கழற்றவும் முடியாது. திருகுத் தலையிலிருந்து டிரிகர் கார்டு வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. பையிலிருந்து எடுத்தவுடன் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

திருகைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தேன். குரூப் நன்றாக இருக்கிறது, ஆனால் மொத்தமாக இடம் மாறிவிட்டது. ஏதாவது தப்பா?

தப்பில்லை. சைட்டைத் திருப்பிப் புதிய மையத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை அதே ரெஞ்ச், அதே வரிசை, அதே அளவு என்று இறுக்கிய பிறகும் பெரிதாக இடம் மாறினால், டயல் கேஜ் சோதனைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஓரளவுக்கு. ஸ்பிரிங் ரைஃபிளில் பிஸ்டன் முன்னே பாய்வதால் அதிர்வு இரண்டு திசையிலும் அடிக்கும், அதனால் திருகுகள் .22-ஐவிட வேகமாகத் தளரும். அங்கே உங்கள் பிரச்சினை சரியான அளவு எது என்பதல்ல, திருகு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்பதே. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பாருங்கள். முன்பக்கத் திருகுகள் இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிச் சமமாக ஏற்றுங்கள். பத்து மீட்டர் போட்டிக்கான அழுத்தக் காற்று ரைஃபிளில் உதைப்பு மிகக் குறைவு. கையேட்டின் அளவில் வைத்துவிட்டு, நகப்பூச்சுக் கோட்டை மட்டும் கவனித்தால் போதும்.